மனோவுக்கு வானம் பார்ப்பது யார்

யூன் 2, திங்கள்

காலை 14 பாகை. மெல்லிய வெயில். பல்கனித் தொட்டிகளுக்கு மண் மாற்றினேன். கறிவேப்பிலை குளிர்காலத்தைத் தாண்டிவிட்டது. ஐந்து துளிர்.

7.10க்குச் சத்தம் தொடங்கியது. மனோவின் ட்ரோன். தகரப் பேணிக்குள் ஒரு வண்டைப் போட்டு மூடியது போல. வீடுகளுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இருந்து எழும்பி, மூன்று மாடி தாண்டி, மேப்பிள் மரத்துக்கு மேலே போய் நின்றது. கீழே மனோ, கையில் கட்டுப்பாட்டுப் பெட்டி. பக்கத்தில் அந்தப் பெண், கழுத்தை நிமிர்த்தியபடி.

மனோவும் நானும் இருபத்தாறு வருடமாகக் காலையில் பூங்காவைச் சுற்றி நடந்தவர்கள். நாலு சுற்று. இந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிக்குக் குடிவந்த முதல் வாரம் தொடங்கியது. ஏப்ரலில் அவளுடைய மகன் ரொறன்ரோவில் இருந்து இந்தச் சாமானை வாங்கி அனுப்பினான். அதோடு நடை நின்றது.

அந்தப் பெண் மனோவின் மேல்வீட்டுக்குப் புதிதாக வந்தவள். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பெயர் ஜினெட். முழுதாக எழுத மனம் வரவில்லை. இனி ஜி. என்றே போடுகிறேன்.

செய்ய வேண்டியவை: பல் வைத்தியர் (வியாழன்). மண் இன்னொரு பை. தனியே நடக்கப் பழகுதல்.

யூன் 3, செவ்வாய்

மாலை மனோ வந்தாள். எள்ளுப்பாகு கொண்டுவந்தாள். ஆறு உருண்டை. பையின் அடியில் இன்னொரு டப்பா தெரிந்தது. பெரியது. கேட்காமலே சொன்னாள், "அது ஜினெட்டுக்கு. அவவுக்குச் சரியான விருப்பம்."

ஆறு உருண்டை எங்கள் இரண்டு பேருக்கும் தாராளம். என்னவருக்குச் சீனி வருத்தம் வேறு. ஆனாலும்.

"ரீச்சர், இண்டைக்கு மேல இருந்து ஆத்துத் தண்ணி தெரிஞ்சது. வெள்ளித் தகடு மாதிரிக் கிடக்குது. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

"எனக்கு உயரம் தலை சுத்தும்."

"நீங்கள் நிலத்திலதானே நிக்கப் போறியள்! ஸ்கிரீனைப் பாக்க என்ன தலைச்சுத்து?"

இருந்த அரை மணியில் "ஜினெட் சொன்னவ" பதினொரு தரம். எண்ணினேன்.

ஒன்றை இங்கே உள்ளபடி எழுத வேண்டும். ட்ரோன் விடுபவர் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது, பக்கத்தில் இன்னொருவர் வானத்தைப் பார்க்க வேண்டுமாம். கம்பி, மரக்கொப்பு, பறவை. வருகுது என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு மனோ முதலில் கேட்டது என்னை. நான் சிரித்தேன். "விளையாட்டுச் சாமானுக்குக் காவல் நிக்க நான் என்ன வேலையில்லாதவளோ?" என்றேன். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. அடுத்த கிழமை ஜி. அண்ணாந்துகொண்டு நின்றாள்.

இரண்டு பேரும் பேசுவது பிரெஞ்சு. மனோ முப்பது வருடம் தையல் தொழிற்சாலையில் காதால் பொறுக்கிய பிரெஞ்சு. பிழை நிறைய இருக்கலாம், ஆனால் சிரிப்பு வருகிறது அதில். நான் வகுப்புக்குப் போய், வினைச்சொல் அட்டவணை பாடமாக்கிப் படித்தேன். கடையில் நன்றிக்கு "மெர்சி" சொல்வதோடு நிற்கிறது.

யூன் 5, வியாழன்

பல்லில் பழுது இல்லை. ஈறுதான். உப்புநீர்.

மாலை இந்த ஒழுங்கையில் இருக்கும் விமலன் வந்தான், எங்கள் கீழ்வீட்டு நிவேதாவையும் கூட்டிக்கொண்டு. விமலன் பேக்கரியில் இரவு வேலை. நிவேதா சென்னைப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"ரீச்சர், விடிய ஆறரைக்கு வந்து படுக்கிறன். கண் மூடினவுடன வண்டு வந்திடுது. நான் மனுசனோ, மா பிசையிற மெசினோ?"

"என் ஜன்னல் நேரா வந்து நின்னுச்சு மேடம். படம் எடுக்கறாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அன்னிலேர்ந்து திரையை மூடியே வச்சிருக்கேன்."

கட்டிட நிர்வாகத்துக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் வேண்டுமாம். இங்கிலீசில். "நீங்கள் எழுதினாத்தான் ரீச்சர் எடுபடும்."

"மனோவிட்ட நேர சொல்லிப் பாத்தீரோ?"

"மனோ அன்ரி கோவிச்சா?"

வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சண்டை பிடித்தால் முதலில் இரண்டு பேரையும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்துவேன். பாதிச் சண்டை அதோடு முடிந்துவிடும். இன்றைக்கும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். நாலு வீடு தள்ளித்தான் மனோ.

"நாளைக்கு எழுதித் தாறன்" என்றேன். குரல் எவ்வளவு இனிமையாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

யூன் 6, வெள்ளி

21 பாகை. நல்லெண்ணெயைச் சீரகம் போட்டுச் சூடாக்கி, தலைக்கு வைத்து, பின் பல்கனியில் அரை மணி நேரம் வெயிலில். பழைய சட்டை, தோளில் துவாய். ட்ரோன் மேலால் போனது. என்னைப் பார்த்ததோ தெரியாது. பார்த்திருந்தால் மனோ கையைக் காட்டி ஜி.க்கு என்னவோ சொல்லியிருப்பாள். இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

முழுகிவிட்டு வந்து எழுதினேன். ஒரு பக்கம். நன்றாக வந்தது.

ஒரு விஷயம் சொன்னால் மூன்று உதாரணம் வேண்டும். விளங்க ஒன்று, உறுதிப்பட ஒன்று, மறக்காமல் இருக்க ஒன்று. முப்பத்தொரு வருடப் பழக்கம். முதலாவது, இரவு முழுக்க வேலை செய்து காலையில் உறங்கும் மனிதர். இரண்டாவது, தன் அறை ஜன்னலைத் திறக்கப் பயப்படும் மாணவி. மூன்றாவது, தன் வழக்கப்படி வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துப் பின் பல்கனியில் இருக்கும் பெண். அந்தக் கோலத்தில் எவர் கண்ணிலும் பட விரும்பாதவர். மூன்றாவதுதான் திறம்.

பெயர் எதுவும் போடவில்லை. "பின் ஒழுங்கைக் குடியிருப்பாளர்கள்" என்று முடித்தேன். ஒரு பொய் கூட இல்லை. வாசித்துப் பார்த்த பிறகும் மனம் ஏன் இப்படிக் கிடக்கிறது?

என்னவர் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல், "உமக்கு அந்த மெசினில கோபமோ, அந்தப் பிரெஞ்சு மனுசியில கோபமோ?"

"சத்தத்தில."

"ஓம் ஓம். சத்தத்திலதான்."

யூன் 9, திங்கள்

7.10. ஒன்றும் இல்லை. 7.20. இல்லை. ஒரு அணில் கம்பியில் ஓடும் சத்தம் கேட்டது.

விமலன் தொலைபேசியில் நன்றி சொன்னான். கடிதம் மனோவின் கையில். ஒரு கிழமைக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும், அதுவரை பறக்கவிடக் கூடாது, பதில் திருப்தி இல்லாவிட்டால் முற்றாகத் தடை என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம்.

பத்து மணி வரை சந்தோஷமாக இருந்தேன். பயற்றங்கஞ்சி வைத்தேன். பிறகு குப்பை போடக் கீழே இறங்கினால், மனோவும் ஜி.யும் பின்படியில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிறார்கள். ட்ரோன் இல்லை. வானத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. ஜி. மனோவின் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

ட்ரோன் போனால் ஜி.யும் போய்விடுவாள் என்று நான் எங்கே படித்தேன்?

யூன் 10, செவ்வாய்

மழை. மனோ வந்தாள். கடிதத்தை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். மேசையில் வைத்தாள். என் எழுத்து என்னைப் பார்த்தது. தட்டெழுத்துத்தான், இருந்தாலும்.

"பதில் எழுதித் தாங்கோ ரீச்சர். உங்களை விட்டா எனக்கு ஆர்?"

மகனின் பள்ளிக்கூடக் கடிதம், தொழிற்சாலை ஓய்வூதியக் கடிதம், ஹீட்டர் பழுது என்று நிர்வாகத்துக்கு எழுதியது, எல்லாம் நான்தான். இதற்கும் வருவாள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அவ்வளவு கோபமா?

"இதை ஆர் எழுதினது எண்டு ஏதும்..." என்று கேட்டேன்.

"ஆர் எழுதினா என்ன. ஜினெட் வாசிச்சுச் சொன்னவ. எழுதினது நல்லாப் படிச்ச ஆளாம்."

தேத்தண்ணி போட எழும்பினேன். ஒரே கோப்பைக்கு இரண்டு தரம் சீனி போட்டேன்.

மனோ சொன்னதைக் குறித்துக்கொண்டேன். நிறை 249 கிராம். நாலு முட்டை நிறைதான். வீடுகளுக்குள் பார்ப்பது இல்லை. படங்களை எவரும் வந்து பார்க்கலாம்.

"ஏன் மனோ உமக்கு இவ்வளவு விருப்பம் இதில?"

"முப்பது வருசம் குனிஞ்சு ஊசியைப் பாத்தனான். இப்ப முழங்காலும் நாலு சுத்துக்கு விடுதில்லை. வீட்டுக்குள்ள கிடந்தா விசர் பிடிக்கும்."

"முழங்காலோ? நீர் எனக்குச் சொல்லேல்லை."

"சொன்னா நீங்களும் நடக்கிறதை விட்டிட்டு எனக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு இருப்பியள். டொக்ரர் உங்களை நடக்கச் சொன்னவர்."

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பாமல் சொன்னாள். "வழமைபோல மூண்டு உதாரணம் போட்டு எழுதுங்கோ, ரீச்சர்."

தெரியுமா, தெரியாதா?

யூன் 11, புதன்

என் கடிதத்துக்கு நானே பதில். அதே மேசை, அதே கண்ணாடி. முதல் கடிதம் முக்கால் மணியில் முடிந்தது. இது காலை முழுக்க.

இரவு வேலைக்காரருக்கு: காலை பதினொரு மணிக்கு முன் பறக்காது. (விமலனிடம் கேட்டேன். ஆறரையில் இருந்து பதினொன்று வரை போதுமாம்.) மாணவிக்கு: ஜன்னல்களுக்குப் பக்கத்தில் போகாது, நேரே மேலே எழும்பி மரத்துக்கு மேலால் மட்டும். விரும்பினால் வந்து திரையில் தானே பார்க்கலாம்.

எண்ணெய் வைத்த பெண்ணுக்கு?

அந்த இடத்தில் பேனா நின்றது. அவளுக்கு என்ன பதில் சொன்னால் ஆறும்? அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வாழைக்காய் வெட்டினேன்.

விமலனுக்கும் நிவேதாவுக்கும் மனோ எள்ளுப்பாகு கொண்டுபோய்க் கொடுத்தாளாம். கோபித்துக்கொண்டு அல்ல. "சத்தம் இவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது தம்பி" என்றாளாம். நேரே போய்ச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஒரே வாங்கில்.

யூன் 13, வெள்ளி

வெயில். எண்ணெய் வைத்துக்கொண்டு பல்கனியில் இருந்தேன். பின்படியில் காலடிச் சத்தம். ஒரு படி, நிற்கும். ஒரு படி, நிற்கும். மனோ. அவளுடைய தலையிலும் எண்ணெய், நெற்றியில் வழிய வழிய. தோளில் துவாய். ஒழுங்கை முழுக்க அந்தக் கோலத்தில் நடந்து வந்திருக்கிறாள்.

கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு இருந்தாள். மூச்சு வாங்கினாள்.

"இந்த ஒழுங்கையில வெள்ளிக்கிழமை எண்ணெய் வைச்சு முழுகிறது ரெண்டே ரெண்டு பேர், ரீச்சர். நான் எனக்கு எதிரா எழுதேல்லை."

இங்கிலீசில் எழுதினால் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறேன். இங்கிலீசில் இருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்தும் எண்ணெய் மணம் போகவில்லை.

"செவ்வாய்க்கிழமையே தெரியுமோ?"

"ஜினெட் மூண்டாவதை வாசிக்கேக்கையே தெரியும். ஏன் ரீச்சர்? சத்தம் எண்டா கூப்பிட்டு 'மனோ, நிப்பாட்டும்' எண்டு சொன்னா நான் நிப்பாட்டியிருப்பனே?"

உதாரணம் ஒன்றும் வரவில்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் தரம்.

"நீர் ரெண்டாம் தரம் கேக்கேல்லை" என்றேன்.

"என்னத்தை?"

"வானம் பாக்க வாறியளோ எண்டு."

மனோ சிரிக்கத் தொடங்கினாள். எண்ணெய் கண்ணுக்குள் போய், கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிரித்தாள்.

"எழுபத்தொரு வயசில உங்களுக்கு ரெண்டாந்தரம் வந்து சொல்ல வேணுமோ? இதென்ன கலியாண வீடோ, வெத்திலை வைச்சு அழைக்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்குத்தான் ஒழுகியது. துவாயால் துடைத்தேன். எண்ணெய்த் துவாய்.

"எனக்குக் கவலைதான், ரீச்சர்" என்றாள் பிறகு, சிரிப்பை விட்டு. "ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்லை."

இதை எழுதிவைக்கிறேன். திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும் நான்.

போகும்போது சொன்னாள், "ஜினெட் கேட்டவ, இந்த எண்ணெய் வைக்கிற மனுசி ஆரெண்டு. எனக்குத் தெரியாது எண்டிட்டன்."

முழுகிவிட்டுப் பதிலில் விட்ட இடத்தை நிரப்பினேன். "வெள்ளிக்கிழமைகளில் பறக்காது." ஒரு வரிக்கு மேல் தேவைப்படவில்லை.

யூன் 14, சனி

விமலனுக்கும் நிவேதாவுக்கும் பதிலை வாசித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் சம்மதம். முதல் கடிதத்தில் மூன்றாவது உதாரணம் உங்களுக்காக எழுதியது அல்ல, எனக்காக எழுதியது என்று சொன்னேன். விமலன் தலையைச் சொறிந்தான். "அதுதானே ரீச்சர், எங்களுக்கே விளங்கேல்லை."

யூன் 17, செவ்வாய்

24 பாகை. காற்று இல்லை. நேற்று நிர்வாகம் சரி என்றுவிட்டது. வெள்ளைத் தொப்பி தேடியதில் அலுமாரி முழுக்கக் குலைந்தது.

11.05. பின் ஒழுங்கை. மனோ கதிரையில், முழங்காலுக்குக் கீழே தலையணை. ஜினெட் எனக்கு முன்பே வந்து நின்றாள். கையைக் குலுக்கினாள். பெரிய கை, பஸ் திருப்பிய கை. என்னவோ சொன்னாள், மனோ விழுந்து விழுந்து சிரித்தாள். மொழிபெயர்க்கக் கேட்டேன். "பேந்து சொல்லுறன்" என்றாள். சொல்லவில்லை.

ஜினெட்டுக்குத் தெரியாத ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருக்கிறது. எழுதியது நான் என்பது. சந்தோஷப்படக் கூடாத விஷயம். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

வானத்தைப் பிரித்துத் தந்தாள் மனோ. மேப்பிளுக்கு இடப்பக்கம் ஜினெட், வலப்பக்கம் நான். எழும்பியது. சின்னதாகி, புள்ளியாகி, நின்றது. கழுத்து நொந்தது. கண்ணை எடுக்கவில்லை.

ஒரு காகம் வந்தது, நேரே ஜினெட்டின் பக்கத்தில் இருந்து. முதலில் கண்டது நான்.