நிலநடுக்கம் என்று எழுதாத அறிக்கை

மார்ச் 4

காபி ஆறுவதற்குள் கருவிகள் துள்ளின. எல்லைக்கு அப்பால், மலைக்கடியில் நல்ல அதிர்வு. இருபது கிலோமீட்டர் ஆழம். அவ்வளவு ஆழத்தில் எவன் குழி தோண்டிக் குண்டு வைப்பான்? பூமி சோம்பல் முறித்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள நிலநடுக்கப் பதிவு நிலையத்திலிருந்து மீசைக்காரரும் போன் செய்தார். எல்லையில் துப்பாக்கி வெடித்த காலத்திலும் பதிவுகளைப் பரிமாறிக்கொண்டவர்கள் நாங்கள். "நிலநடுக்கம்தாங்க. எங்க வீட்டுச் சுவரே விரிசல் விட்டுடுச்சு" என்றார்.

மதியம் இயக்குநர் கூப்பிட்டார்.

"நிலநடுக்கம்னு அடிச்சுச் சொல்லாதீங்கம்மா. 'ஆராய்ந்து வருகிறோம்'னு போடுங்க."

"சந்தேகமே இல்லையே சார்."

"அதுதான் மேலிடத்துக்குச் சிக்கல்."

சிரித்தார். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 5

எல்லாச் சேனலிலும் 'ரகசிய அணுகுண்டுச் சோதனையா?' அந்தக் கேள்விக்குறியை யார் பார்க்கிறார்கள்?

மார்ச் 9

சாப்பிடும்போது கணவர் கேட்டார். "நெஜமாவே குண்டா?"

"இல்ல."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே? வேலை போயிடும்னு பயமா?"

பயம்தான். வேறென்ன?

மார்ச் 22

நம்மவர்கள் அணுகுண்டை வெடித்துச் சோதித்துவிட்டார்கள். பதிலடியாம். எதற்குப் பதில்? தெருவெல்லாம் கொண்டாட்டம். ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 2

இன்று அவர்களும். இந்த முறை அது குண்டேதான், ஐயமில்லை. "இப்ப தாராளமா எழுதுங்கம்மா" என்கிறார் இயக்குநர்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரள வைத்தவள் நான் அல்லவா?

ஏப்ரல் 3

மீசைக்காரர் கடைசியாகப் பேசினார். "லைனைத் துண்டிக்கச் சொல்லிட்டாங்க. அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." முடிக்கவில்லை. வைத்துவிட்டார். நான் என்னத்தச் சொல்லியிருப்பேன் — மன்னிச்சுக்கோங்கன்னா?

ஜூன் 11

இரு பக்கமும் ஏவுகணைகளை எல்லையோரம் கொண்டுவந்தாயிற்று. முடிவெடுக்கச் சில நிமிடங்கள் போதும் என்று டிவியில் ஒருவர் பெருமையாகச் சொல்கிறார். யோசிக்கவும் அந்தச் சில நிமிடங்கள்தானே? அவர் மடியிலும் குழந்தைகள் விளையாடியிருக்கும்.

ஆகஸ்ட் 17

மாலை, நம் ஊரிலேயே நிலநடுக்கம். அலமாரி ஆடியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மகளை இழுத்துக்கொண்டு கட்டட வாசலுக்கு ஓடினேன். அவளோ என்னை நிலவறைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தாள். "குண்டும்மா! கீழ போகணும், ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க!" குடியிருப்பே நிலவறைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"இது நிலநடுக்கம்! வெளிய போங்க! நான் அந்த ஆபீஸ்லதான் இருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கீழ்வீட்டுக்காரர் திரும்பினார். "அன்னிக்கு என்னன்னே தெரியலைன்னது உங்க ஆபீஸ்தானே? பேசாம இறங்குங்கம்மா."

கூட்டம் தள்ளியது. மகள் என் கையை விடவில்லை. இறங்கினேன்.

தலைக்கு மேல் ஐந்து மாடி. அவளை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த அதிர்வு வருகிறதா என்று பக்கத்துத் தூணில் உள்ளங்கையை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தேன்.