கச்சான் காற்றும் என் பதினொரு பேர் படையும்

1978 ஆகஸ்ட் 1, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. மழை இல்லை. மேகம் என்று ஒரு பொருள் முன்காலத்தில் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேள்வி. நேற்று அடித்த அடியில் தோட்ட மனேஜர் பெரிய துரையின் நாய் பண்டாரவளை வரை பறந்து போய், பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறது. கண்டக்டர் அரை டிக்கட் போட்டானாம்.

தேயிலைக் கொழுந்து இல்லை. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடல். ஃபேக்டரி அடுப்புக்காரனான எனக்கு அடுப்பு இல்லை. ஆகவே அரசாங்கம் என்னைத் தளபதி ஆக்கிவிட்டது. போன கிழமை பொலிஸ் சார்ஜன்ட் வந்து தொண்டர் அணி சேர்த்தார். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே உள்ள மானாப்புல் மலைக்குத் தீக்காவல். சந்தேகமான ஆள் நடமாட்டம் கண்டால் ஸ்டேசனுக்குச் சொல்ல வேண்டும். பதினொரு பேர். தலைமை நான். ஆயுள் முழுக்க அடுப்போடு குடித்தனம் நடத்தியவனுக்குத் தீயின் குணம் தெரியும் என்று சார்ஜன்டே சொன்னார். (சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.)

படைக்கலன்:
மண்வெட்டி 4
தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, அவரவர் வீட்டிலிருந்து
ஈரச் சாக்கு, தண்ணீர் கிடைத்தால்
விசில் 1, என் கழுத்தில்
கைப்பட்டி 11, சிவப்பு. கட்டியதும் என் உயரம் அரை அடி கூடியது.

விளையாட்டில்லை. இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு தடவை மலை எரிந்தது. லயமெல்லாம் ஒரே பேச்சு, மாட்டுக்காரன் வேலை. காய்ந்த மானாவைக் கொளுத்திவிட்டால் சாம்பலுக்கடியில் இளம்புல் வரும், மாடு தின்னும். மாடு வைத்தவன் எல்லாம் ஒரு காலத்தில் செய்ததுதான். இப்போது இங்கே மாடு வைத்திருப்பது ஒரே ஆள். என் தங்கை பார்வதி புருஷன், மச்சான் வேலாயுதம்.

இன்னொரு தடவை எரிந்தால் ஆளைப் பிடித்து பதுளை கோர்ட்டுக்குக் கொண்டுபோவேன் என்று சார்ஜன்ட். பத்துச்சீட்டுத்தான் என்று பெரிய துரை. அது கையில் வந்தால் வேலையும் இல்லை, லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் இல்லை. சட்டி பானையோடு ரோட்டில்.

சாயந்தரம் மாட்டுக் கொட்டிலுக்குப் போனேன்.

"மச்சான், கேக்குறேன்னு கோவிக்காதீங்க. அந்த ரெண்டு தடவையும்..."

"கோவிக்கிறதுக்கு மொதல்ல ஒண்ணு தெரியணும். வந்திருக்கிறது மச்சானா, பொலிஸா?"

"ரெண்டுந்தான்."

"அப்ப மச்சான் உள்ள வந்து தேத்தண்ணி குடிக்கட்டும். பொலிஸு வெளிய நிக்கட்டும்."

 தேத்தண்ணி மட்டும் வந்தது. சீனி இல்லை.

ஆகஸ்ட் 2, புதன்

காற்று. கண்ணில் தூசி. உதடு வெடிப்பு.

தீக்கோடு வெட்டினோம். லயத்துக்கும் புல்லுக்கும் நடுவில் மண் தெரிய ஒரு பட்டை. பாதிதான் முடிந்தது. மண் இரும்பாகக் கிடக்கிறது. சந்தனத்தின் மண்வெட்டியிலிருந்து பறந்த பொறி மொனராகலைக்குத் தெரிந்திருக்கும். சந்தனம் என் துணைத் தளபதி, கவ்வாத்துக்காரன், பக்திமான். பொறி பறந்ததும் எல்லாரும் ஓடிப் போய் மிதித்தோம். சிரிக்கவில்லை யாரும்.

காவலுக்குப் போகுமுன் முனிக்கல்லில் கற்பூரம். புல்லுக்கு நடுவே கிடக்கும் கல்தான் மலைக்கு முனி. வேறு எதில் ஒழுங்கு இல்லாவிட்டாலும் என் படை இதில் ஒழுங்கு. கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பார்த்தால் முனி கூடவே வீட்டுக்கு வந்துவிடும். நானும் பார்ப்பதில்லை. என் காம்பராவில் எனக்கே இடம் போதாது.

மச்சான் மாடு இரண்டும் மேட்டுப்பக்கம். ஆளும் அங்கேதான். புல் அங்கே கொஞ்சம் பச்சை.

ஆகஸ்ட் 3, வியாழன்

விரலெல்லாம் கரி, தாளிலும் கரி. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

சார்ஜன்ட் பார்வையிட வருவதாக இருந்தது. அதனால் காலையில் சகல மரியாதையும். முனிக்குப் புது மாலை கிடைக்கவில்லை, போன வெள்ளி போட்ட செவ்வந்தி மாலையே கிடந்தது, சருகாக. கற்பூரம் நான்தான் வைத்தேன். மேட்டில் மச்சானும் மாடுகளும். நடந்தோம்.

கொஞ்சத் தூரம் போயிருப்போம், பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி. காற்றில் பாதி அடிபட்டு. நின்றேன்.

"திரும்பாதீங்க மாமா," சந்தனம். "முனி கூப்பிட்டுப் பாக்கும். நடங்க."

நடந்தோம். சரிவு தாண்டி மறுபுறம் இறங்கிய பிறகு புகை வாசம். சாதாரண வாசமில்லை. திரும்ப ஓடி வந்து பார்த்தால் மலை முழுக்க மஞ்சள். சத்தம் ரயில் மாதிரி. இதில் கூட்டவில்லை, நிஜமாகவே ரயில் மாதிரி.

விசில் ஊதினேன். யாருக்குக் கேட்டது?

தீக்கோடு வெட்டிய பக்கம் நின்றது. வெட்டாத பக்கம் தாண்டியது. மேல் லயத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓட்டம். நாங்கள் ஈரச் சாக்கால் அடித்தோம், பச்சைக் கொப்பால் அடித்தோம், சாக்கு காய்ந்ததும் காலால் மிதித்தோம். கூரைத் தகரத்தில் பொறி விழுந்து குதிக்கிற சத்தம் இன்னும் காதில். காற்று ஒரு பக்கம் சாய்ந்தது, அதனால் லயம் தப்பியது. நாங்கள் தப்ப வைக்கவில்லை.

சேதம்: கோடிக் காம்பராவின் விறகு, கோழிக்கூடு இரண்டு, இளந்தேயிலை ஒரு மூலை. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. எனக்குப் புருவம் இல்லை.

பதுளையிலிருந்து தண்ணி பவுசர் லொறி வந்து சேர்ந்தபோது எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வந்ததற்கு எங்கள் மேல் ஊற்றினார்கள்.

சார்ஜன்ட் கீழே ரோட்டில் நின்றபடியே கேட்டார், "மலையில யார் இருந்தது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கைப்பட்டி என் கையில். சொன்னேன்.

"மாட்டோட வேலாயுதம் நின்னாரு. மேட்டுல."

கண்டது அதுதான். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை. ஜீப்பில் ஏற்றினார்கள். மச்சான் என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார்.  குற்றவாளி என்று நினைத்தேன். வெட்கத்தில் பேசாமல் போகிறார் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

காலை. காற்று விழுந்திருக்கிறது. இப்போது விழுந்து என்ன.

தனியாக மேலே போனேன். முனிக்கு நன்றி சொல்ல. லயத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு.

கல்லுக்கு இந்தப் பக்கம், காற்று வரும் பக்கம், மானா அப்படியே நிற்கிறது. முழங்கால் உயரம், பழுப்பாக, ஒரு நுனி கருகவில்லை. மேட்டுப்பக்கமும் அப்படியே. கல்லின் அந்தப் பக்கத்திலிருந்து கருப்பு. முதலில் ஒரு முறம் அகலம். பிறகு ஒரு காம்பரா அகலம். பிறகு மலை.

தீ எங்கே பிறந்தது என்று அடுப்புக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கல் மேல் கற்பூரக் கரி. மாலையின் நார் பாதி எரிந்து கல்லடியில். சார்ஜன்ட் வருகிறார் என்று ஒரு கட்டிக்குப் பதில் ஒரு கைப்பிடி வைத்தவன் நான். எதையும் ஒன்றுக்குப் பத்தாக்கியே பழகிய கை.

அந்தக் கூப்பிட்ட சத்தம். நேற்று முழுக்க மறந்திருந்தேன். இப்போது முழுசாகக் கேட்கிறது. முனி 'மச்சான்' என்று கூப்பிடாது.

அவர் பார்த்திருக்கிறார். கத்தியிருக்கிறார். பிறகு ஜீப்பில் ஏறி வாயை மூடிக்கொண்டிருக்கிறார். ஏன்?

பகல். சந்தனத்திடம் சொன்னேன். கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முகம் வெளுத்து.

"மாமா, இத மனசுல வைங்க. வெளிய விட்டா பதினொரு பேருக்கும் சீட்டுக் கிழியும். எம்பொண்டாட்டி நெற மாசம்."

"வேலாயுதம்?"

"அவருக்கு ஊருல நெலம் இருக்குன்னு சொல்லுவாங்க."

"எந்த ஊருல?"

 தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பையன்தான். பயம். எனக்கு மட்டும் இல்லையா?  இந்த வயதில் காம்பராவை விட்டு எங்கே போவேன்? மடுல்சீமையில் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார், செத்துப் போனார்.

 பார்வதி வந்தாள். அழவில்லை. திட்டவில்லை. அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன், அதையாவது செய்திருக்கலாம். மடித்த சாரம் ஒன்று, சேர்ட் ஒன்று, பொட்டலமாக நீட்டினாள்.

"அண்ணே, நாளைக்கு கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்களாம். நேத்து கட்டுன அழுக்கோட நிக்க வேணாம். நீங்கதான் பொலிஸ் ஆளு, ஒங்களத்தான் உள்ள விடுவாங்க. குடுத்துருங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ்ஸுக்கு நடந்தேன். சட்டை மாற்றவில்லை. மாற்றப் போனால் மனமும் மாறிவிடும்.

சாயந்தரம். ஸ்டேசன் கதை.

சார்ஜன்ட் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கற்பூரம், மாலை, காற்று. கூப்பிட்டும் திரும்பாதது. அவ்வளவுதான். என் வாயிலிருந்து இத்தனை சின்னக் கதை வந்ததே இல்லை.

அவர் கோப்பையை வைத்தார்.

"மாமா, நீங்க போன கெழம சொன்னதுதானே, மலையில பாம்பு ஒண்ணு இருக்கு, நீளம் ரெண்டு பஸ்."

"சொன்னேன்."

"அதுக்கு நா எழுதினதுதானே. பெரியவங்களும் சிரிச்சதுதானே. இப்ப தங்கச்சி மாப்பிள்ளக்கி இன்னொரு பாம்பு கொண்டு வந்தது."

"இதுல பஸ் இல்ல, மாத்தியா. வந்து கல்லப் பாருங்க. பொய்யின்னா எனக்கும் அந்தக் கம்பிக்குள்ள எடம் போடுங்க."

என் புருவம் இருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து தொப்பியை எடுத்தார்.

ஜீப்பில் முன்சீட்டு. வாழ்நாள் ஆசை. ரசிக்க முடியவில்லை. மலையேறியதும் மூச்சு வாங்கினார். கல்லைச் சுற்றி வந்தார். நாரை எடுத்து முகர்ந்தார். நிற்கிற புல்லைப் பார்த்தார், கருப்பைப் பார்த்தார்.

"அவன் நின்ன எடம்?"

கை காட்டினேன். தானே ஏறிப் போய்ப் பார்த்தார். இறங்கி வந்து கல்லுக்கு முன் கொஞ்சம் நின்றார். தொப்பியைக் கழற்றினார். எனக்கா, முனிக்கா, வியர்வைக்கா, தெரியவில்லை.

"கோர்ட்டு இல்ல," என்றார். "ஆனா பெரிய தொரைக்கு நா சொல்ல வேணும். கைப்பட்டி எல்லாம் நாளைக்கு வேணும்."

"பதினொண்ணும் தர்றேன். கற்பூரம் வச்சது நா ஒரு ஆள். அதையும் எழுதிக்கங்க."

எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். வழக்கமாக வால் இழுத்து மூன்று சுழி போடுவேன். இன்று பெயர் மட்டும்.

ஆகஸ்ட் 5, சனி

வெயில். காற்று மறுபடி எழும்புகிறது.

கைப்பட்டிகளைத் திரட்டினேன். சந்தனம் தந்தான், முகம் பார்க்கவில்லை. பெரிய துரை திங்கட்கிழமை ஆபிசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். என்னை மட்டும்.

மச்சானை விடியவே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே கொட்டிலுக்குப் போயிருக்கிறார். போனேன். கழுவிய செம்போடு மாட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார். நான் வாசலில். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"கூப்பிட்டது நீங்கதான்?"

"தொண்ட கிழிய."

"ஸ்டேசன்ல ஏன் சொல்லல மச்சான்? ஒரு வார்த்த. நா வச்ச கற்பூரமுன்னு."

மாட்டு மடியைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். அவசரமே இல்லை.

"சொல்லலாமுன்னுதான் ஜீப்புல ஏறுனேன். போற வழியில யோசிச்சுப் பாத்தேன். ஒரு வீட்டுச் சாமானுன்னா நானும் ஒங்க தங்கச்சியும் தலையில வச்சு எறக்கிருவோம். பதினொரு வீட்டுச் சாமானுக்கு லொறிக்கு எங்க போறது?"

பதினொரு வீட்டையும் விரல்விட்டு எண்ணினேன். பதினொன்றுதான், கூட்டவில்லை.

"அதுக்காகக் கோவம் இல்லன்னு நெனச்சிராதீங்க," என்றார். "எம்பேரச் சொன்னீங்கள்ல. அது இருக்கு. நெறைய இருக்கு. கறந்து முடிச்சிட்டு வர்றேன், பேசுவோம். அதுவரைக்கும் இந்தக் கன்னுக்குட்டியப் புடிங்க."

பிடித்துக்கொண்டு நின்றேன்.