சூடு ஆறிய தோள்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் பெண்டாட்டி மாரியாயி என் கம்பளியைக் கொண்டு வந்து எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தாள். நான்காக மடித்து, மேலே ஒரு தேங்காயும் வைத்து, சீர் கொண்டு வந்தவள் மாதிரி. எடுத்து முகர்ந்து பார்த்தேன். நனைந்த ஆட்டு மயிர் வாசனை, அதற்கு மேலே உன் சுருட்டு வாசனை. இருபத்திரண்டு வருஷம் நீ போர்த்திக் கிடந்த கம்பளி வேறு எப்படி இருக்கும்? ஓரத்தில் என் வீட்டுக்காரி செல்லம்மா சிவப்பு நூலில் போட்ட தையல் அப்படியே இருந்தது. அதைப் பிரித்துப் போடக்கூட உனக்குத் தோன்றவில்லை.

செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறாள் செல்லம்மா. நீ உயிரோடு இருந்தபோதும் அவள் திட்ட விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் ஊருக்குக் கடிதாசி எழுதிக் கொடுத்தவன் நான். உனக்கே எத்தனை எழுதியிருப்பேன்! உனக்கென்று எழுதுவது இது ஒன்றுதான். எவன் படிக்காவிட்டால் எனக்கென்ன.

அந்தப் பொங்கலை நீ மறந்திருக்க மாட்டாய். நம் பெரிய துரையின் சீமையில் ஆம்பிளைகள் கனத்த கல்லைத் தோளில் வைத்து எறிவார்களாம். அதே போட்டியைப் பொங்கலுக்கு மறுநாள் தேயிலை ஸ்டோர் முற்றத்தில் வைப்பதாகச் சொன்னார். ஆற்றிலிருந்து ஓர் உருண்டைக் கல் வந்தது. பத்து மாதப் பிள்ளையின் கனம் இருக்கும். அதை ஒற்றைக் கையால் தள்ளி எறிய வேண்டும். ஜெயிக்கிறவனுக்கு மேல் லயத்தில் காலியாகக் கிடந்த கடைசிக் காம்பரா, குடும்பத்துக்கென்று தனி அறை.

அந்தக் காம்பரா எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும். ஒரே அறையில் நாங்கள் ஒன்பது பேர். அண்ணன் குடும்பத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாக்குத் திரை. செல்லம்மாவுக்கு ஏழு மாதம். பிள்ளைக்கு ஒரு சுவராவது வேண்டும் என்று நான் உன்னிடம்தான் சொன்னேன். கவ்வாத்து மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைச் செடியைக் கழித்து வெட்டிய நம் இரண்டு பேருக்குள் எதை மறைத்தோம்?

என் சூட்சுமத்தையும் சொன்னேன், மடையன் நான். காலைப் பனியில் முதல் பத்துச் செடிக்கு என் கை பேச்சைக் கேட்காது. வெட்டு பிசிறு பிசிறாக விழும். பதினைந்தாவது செடியில் தோள் சூடேறிவிட்டால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கல்லுக்கும் அப்படித்தான் என்று கண்டுபிடித்தேன். முதலில் லயத்துப் படிக்கட்டில் ஏறி இறங்கி மூச்சைக் கிளப்ப வேண்டும். பிறகு கையைச் சுழற்றி, இடுப்பைத் திருப்ப வேண்டும். சின்னக் கல்லை மூன்று தரம் எறிந்து, அதைவிடப் பெரியதை இரண்டு தரம். போட்டிக் கல்லை ஒரே ஒரு தரம், அதுவும் பாதி பலத்தோடு. அதற்கு மேல் எறிந்தால் பலம் போட்டிக்கு முன்னாலேயே போய்விடும். கடைசியாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை அந்தச் சூட்டைக் காக்க வேண்டும். போன வருஷம் அந்தத் தோள் ஒரு தரம் சுளுக்கியது, குளிர்ந்தால் தாங்காது என்பதும் உனக்கு மட்டும்தான் தெரியும். நீ "ஆமா மச்சான், ஆமா மச்சான்" என்று கேட்டுக்கொண்டாய்.

அன்று காலை நான் கையைச் சுழற்றும்போது முதலில் சிரித்தவன் நீ. "பாருங்கடி, சேவல் றெக்கை அடிக்குது, இப்பக் கூவும்" என்று கொழுந்துக்காரிகள் காதில் விழுகிற மாதிரி சொன்னாய். முற்றமே சிரித்தது. செல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் முடித்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டேன். தோள் இதமாக இருந்தது. முந்தின நாள் பழகும்போதே உன்னைவிட இரண்டு சாண் தள்ளி எறிந்திருந்தேன், அதுவும் உனக்குத் தெரியும்.

அப்போது பார்த்துத் துரையைத் தேடி யாரோ வெள்ளைக்காரன் வந்தான். துரை தேத்தண்ணி குடிக்கப் பங்களாவுக்குப் போய்விட்டார். மலையிலிருந்து பனி இறங்கியது, தூறலும் விழுந்தது. வரிசையை விட்டு நகர்ந்தால் பெயரை அடித்துவிடுவேன் என்று கணக்கப்பிள்ளை மிரட்டினார். உன் பெயர் கடைசி, உனக்கு அந்தப் பயம் இல்லை. என்னிடம் வந்து பல் கிடுகிடுக்க நின்றாய்.

"மச்சான், ஒடம்பு நடுங்குது. கம்பளியக் குடு. ஒரு நிமிஷத்துல கொண்டாந்து தர்றேன்."

கொடுத்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு நீ எங்கே போனாய்? கொழுந்து உலர்த்தும் ஸ்டோர் அடுப்பில் விறகு போடுகிற உன் மாமனிடம் போனாய். என் கம்பளிக்குள் சுருண்டு அடுப்பு வாயில் உட்கார்ந்திருந்தாய். நான் ஈரச் சட்டையோடு நின்றேன். கையைச் சுழற்றியிருக்கலாம், நின்ற இடத்திலேயே குதித்திருக்கலாம். செய்யவில்லை. மறுபடியும் சேவல் என்பார்களே என்ற வெட்கம். அது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வெட்கத்தை எனக்குள் ஏற்றி வைத்தவன் நீ.

துரை திரும்பி வந்ததும் அவசரம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். கல் தோளுக்கு வந்தபோதே தெரிந்துவிட்டது, இது வேறு யாருடைய கையோ. தள்ளினேன். தோளுக்குள் ஈரக் கயிறு அறுகிற சத்தம் கேட்டது. கல் என் காலடியிலேயே விழுந்தது. நீ கடைசியில் வந்தாய், மேலெல்லாம் ஆவி பறக்க. எறிந்தாய், ஜெயித்தாய்.

யட்டவத்தைக் கிராமத்துச் சிங்கள வைத்தியர் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "குளிர்ந்து கிடந்த மாட்ட யாராவது பாரவண்டியில பூட்டுவாங்களா?" என்று என்னையே ஏசினார். அதற்குப் பிறகு கவ்வாத்துக் கத்தி எனக்கு இல்லை. கிழவர்களோடு புல்லு வெட்டப் போட்டார்கள். மூத்தவள் இஸ்தோப்பில் பிறந்தாள். மழைச் சாரல் அடிக்காமல் செல்லம்மாவைச் சுற்றி நான்கு பெண்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் நீ உன் புதுக் காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருப்பாய்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அடுத்த வாரமே வந்து, "எங்க ஆத்தாளுக்கு நான் ஜெயிச்சத ஒரு வரி எழுதிப் போடு மச்சான்" என்று என் முன்னால் உட்கார்ந்தாய். தோளில் கட்டோடு எழுதினேன். உன் மகன் மலைநாட்டிலேயே பலசாலி என்று என் கையாலேயே எழுத வைத்தாய். எப்படியடா மனசு வந்தது உனக்கு?

கம்பளியை ஒரே ஒரு தரம் கேட்டேன். "அட, மறந்தே போனேன் மச்சான், நாளைக்கிக் கொண்டாறேன்" என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நீயாகக் கொண்டு வரட்டும் என்று இருந்தேன். மறந்தானா, வேணுமென்றே செய்தானா என்பது இத்தனை வருஷமும் என்னைத் தின்றது. மறதியாக இருந்தால் உன்னை மன்னித்துவிடலாம் என்று சில நாள் நினைத்ததும் உண்டு.

நீ செத்த அன்று பாடை தூக்க ஆள் போதவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். லயத்துக்குப் பின்னால் போனேன். படிக்கட்டில் ஏறி இறங்கினேன். கையைச் சுழற்றினேன். ஒரு சின்னக் கல், பிறகு ஒரு பெரிய கல். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை முந்தானையில் மூடிக்கொண்டார்கள். சிரிக்கட்டும் என்று முழுசாக முடித்தேன். பிறகு போய் அதே வலது தோளைக் கொடுத்தேன். சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றவில்லை. பாசத்தில் இல்லையடா. உன் விஷயத்தில் இரண்டாம் தரம் கீழே போட எனக்கு மனசில்லை.

இப்போது கேள். கம்பளியை வைத்துவிட்டுப் புறப்பட்ட மாரியாயி வாசலில் நின்று சொன்னாள்:

"அண்ணே, சாகுறதுக்கு மொதநா சொன்னாரு. அன்னைக்கி ஒங்களுக்குக் குடுக்கத்தான் கம்பளியோட ஸ்டோர் மூலை வரைக்கும் வந்தாராம். நீங்க கையக் கட்டிக்கிட்டு நடுங்கி நின்னதப் பாத்தாராம். பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாராம். இதச் சொல்லிட்டுக் குடுன்னாரு."

அப்படியென்றால் நீ மறக்கவில்லை. பார்த்தாய். பார்த்துவிட்டுத் திரும்பினாய். சொல்வதற்கு இருபத்திரண்டு வருஷம், அதுவும் பெண்டாட்டி வாயால்.

இது முன்னாலேயே தெரிந்திருந்தால் உன்னைத் தூக்கியிருப்பேனா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். தூக்கியிருப்பேன். ஆனால் சுடுகாடு வரைக்கும் உரக்கத் திட்டிக்கொண்டே போயிருப்பேன். எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

இன்று காலையும் குடம் தூக்குவதற்கு முன்னால் கையைச் சுழற்றினேன். ஒரு நாளும் விட்டதில்லை. நல்ல பனி. செல்லம்மா அந்தக் கம்பளியை எடுத்து வந்து என் மேல் போட்டாள். தள்ளிவிடப் பார்த்தேன், அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் தோளில் சூடு ஏறியது. அன்றைக்கு வரிசையில் என் தோள் கேட்ட சூடு இதுதான்.