வேண்டுதல் இல்லை, வைத்தியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று காலை நம் வீட்டுக் கூடமெல்லாம் வேப்பெண்ணெய் வாடை. கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை வந்திருக்கிறாள், மகள் காவ்யாவோடு. பிள்ளைக்குப் பதினாறு வயது. இரண்டு பாதத்திலும் கொப்புளம், அதன்மேல் மஞ்சளும் வேப்பெண்ணெயும். "மூணு சுத்து முடிச்சிட்டா. உங்கப்பா வேண்டிக்கினு உன்னை மலை சுத்த வெச்சாரே, அதே மாதிரி நாப்பத்தெட்டு சுத்து" என்றாள் அத்தை, பெருமையாக. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தைமேல் இல்லை, உங்கள்மேல்.

போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷமான மனுஷனோடு என்னடி சண்டை என்று அம்மா கேட்கிறாள். நான் வேறு யாரோடு சண்டை போடுவது? அதனால்தான் கடையில் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேரைச் சாயங்காலம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நான் பிளஸ் ஒன் படித்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. படுத்த பாயிலிருந்து எழுந்திருக்கவே மனம் வராது. தலையில் சிக்கு விழுந்து அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். "சோம்பேறித்தனம்"னு ஒரு மாதம் திட்டிவிட்டு, அப்புறம் நீங்களே பயந்துபோய் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனீர்கள். அந்தம்மா தெளிவாகத்தான் சொன்னார். "இது மனச்சோர்வுங்க. வாராவாரம் என்கிட்ட வந்து பேசணும். கூடவே உடம்பு அசையணும். வாரத்துல மூணு நாள், முக்கால் மணி நேரம், மூச்சு வாங்குற மாதிரி வேகமா நடக்கட்டும். இதையும் மருந்து மாதிரி நெனச்சுக்குங்க, நடுவுல விட்றக் கூடாது. பத்தலைன்னா மாத்திரையைப் பத்தி அப்புறம் பாப்போம்." நீங்கள் தலையைத் தலையை ஆட்டினீர்கள். அன்று சாயங்காலமே எனக்கு ஷூ வாங்கி வந்தீர்கள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

மறுநாள் விடிந்ததும் கிரிவலப் பாதையில் இறங்கினோம். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, நம் கடைக்கு வாடிக்கையாக வருகிற பென்ஷன்காரர் எதிரே வந்தார். "என்னா சார், பொண்ணைக் கூட்டிக்கினு?" என்றார். உங்கள் முகம் சிறுத்துப்போனதை நான் பார்த்தேன். "ஒரு வேண்டுதல் சார். பொண்ணுக்கு நல்ல மார்க்கு வரணும்னு" என்றீர்கள். அவர் போகும்வரை சிரித்துக்கொண்டே நின்றீர்கள். அப்புறம் குனிந்து என் காலைப் பார்த்து, "கழட்டிடும்மா. வேண்டுதல்னு சொல்லிட்டேன்" என்றீர்கள்.

அப்பா, அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. புது ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். வேண்டுதல் என்றால் பாதியில் திரும்பக் கூடாதாம். முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். நீங்கள் பதினாலு கிலோமீட்டர் நடக்க வைத்தீர்கள். எதிரே வந்தவர்களெல்லாம் "நல்ல மார்க்கு வரும் பாப்பா" என்று ஆசீர்வாதம் செய்தார்கள். மார்க்கை நினைத்துப் பயந்துதான் நான் பாயில் விழுந்தேன். சாமிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பௌர்ணமிக்கு நானும் மலை சுற்றுகிறவள்தான்.

மூன்றாவது வாரம் டாக்டர் என் பாதத்தைப் பார்த்துவிட்டார். "ஷூ எங்கே?" "வேண்டுதல் டாக்டர்" என்றீர்கள். "யாரோட வேண்டுதல்?" நீங்கள் குனிந்து என் பாதத்தைப் பார்த்தீர்கள். "நடக்குறதே தண்டனை ஆயிட்டா அவ எப்படிங்க தேறுவா?" என்றார்.

அப்புறம்தான் வேங்கிக்கால் ஏரிக்கரைக்கு மாறினோம், ஷூ போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்ன முக்கால் மணி நேரம் மட்டும். வாராவாரம் டாக்டரிடம் போய்ப் பேசினேன், சில நாள் அழுதேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் யாரும் சொல்லாமலே தலை வாரிக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கடைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தீர்கள். சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு ஒரு நடைகூடத் தவறாமல் என்னோடு வந்தீர்கள். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் ஊர் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அத்தனை பேர் நடுவில் "நாப்பத்தெட்டு சுத்து சுத்தினோம், அண்ணாமலையார் கைவிடல" என்றீர்கள். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸில் வரும்போது ஏன்பா என்று கேட்டேன். "நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு வர்றவன் இதையெல்லாம் கேக்கணுமா?" என்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பொய்தான் இன்று காவ்யாவின் காலில் கொப்புளமாக வந்து நிற்கிறது. நாலு மாதமாக அவள் அறையை விட்டு வரவில்லையாம், சாப்பாடு கம்மியாம், யாரிடமும் பேச்சில்லையாம். டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன். "எதுக்கு? உனக்கு மலை சுத்தித்தானே சரியாச்சு?" என்றாள் அத்தை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மனச்சோர்வு என்றேன், டாக்டர் என்றேன், உங்கள் வேண்டுதல் வழியில் வாய்க்கு வந்த பொய் என்றேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "செத்துப்போன மனுஷனைப் பொய்க்காரன்னு சொல்றியேடி." ஆமாம் அத்தை, பொய்க்காரர்தான் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

அப்போதுதான் காவ்யா வாயைத் திறந்தாள். "அக்கா, உனக்கும் இப்படி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நம்ம சொந்தத்துலயே எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்."

நீங்கள் சொல்லாததால் அவள் நாலு மாதம் தனியாகக் கிடந்தாள் என்று உங்களைத் திட்டத்தான் இதை ஆரம்பித்தேன். ஆனால் நீங்கள் போனபிறகு ஒன்றரை வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தது நான்தானே. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உங்கள் வேண்டுதலைப் புகழ்ந்தபோது அதற்கும் தலையாட்டியவள் நான். உங்கள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது அப்பா, இன்னும் முழுசாகப் போகவில்லை.

திங்கட்கிழமை காவ்யாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அத்தை வருவாளோ மாட்டாளோ, தெரியவில்லை. போகிற வழியில் தெரிந்தவர் யாராவது நிச்சயம் எதிரே வருவார், எங்கே கிளம்பிட்டீங்க என்று நிச்சயம் கேட்பார். இந்தத் தடவை பதில் சொல்லப்போவது நான்.