இருநூற்றைம்பது கிராம்

போடிநாயக்கனூர்
மார்ச் 18

அன்புள்ள தமிழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் உடம்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதனால் நலமா என்று முதல் வரியிலேயே கேட்டு முடித்துவிட விரும்பவில்லை.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்று சொல்வாய், பிறகு "பிராக்டிஸுக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுவாய். போன வாரம் பேசியபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். பக்கத்தில் உன் கோச் மனோஜ் இருமியது எனக்குக் கேட்டது. மூன்று பேர் கேட்கிற பேச்சில் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

இங்கே இரண்டு நாள் கோடை மழை பெய்தது. மேட்டில் செடிகளுக்கு நல்லது என்கிறார்கள். தேவாரம் பக்கம் மறுபடி யானை இறங்கியிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், இருந்தும் வாரம் மூன்று நாள் ஜீப்பில் மேலே போய் வருகிறார். ஜனவரியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உனக்கு வைத்த பேனரை நகராட்சிக்காரர்கள் கழற்றிவிட்டார்கள். அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். தூக்கிப்போடச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அப்பா ஒரு செய்தி சொன்னார். நீ அவருக்குப் போன் செய்து, மே மாதம் நம் ஏலக்காய் ஸ்டோர் சும்மா கிடக்குமா என்று கேட்டிருக்கிறாய். "எங்க ஆத்தா கேட்டா ஸ்டோரு என்ன, வீட்டையே எழுதித் தர்றேன்னு சொல்லிட்டேன்" என்று சிரித்தார். பயிற்சிக்கு இடம் கேட்கிறாய் என்று நினைத்திருக்கிறார். ஏலக்காய் உலர்த்துகிற அந்தச் சூட்டு அறையை நீ எதற்குக் கேட்கிறாய் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாதிதான் தெரிந்திருந்தது. மீதியை உன் தோழி முத்துப்பிரியாவிடம் கேட்டேன். அவளைத் திட்டாதே, நான் விடாமல் கேட்டேன். இன்னொரு குத்துச்சண்டைக் கவுன்சில் மே மாதம் ஒரு தேசியப் பட்டத்துக்கு உனக்குச் சண்டை தருகிறது. எடை எல்லை ஐம்பத்தைந்தே கால் கிலோ சொச்சம். ஜனவரியில் இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு கிலோ குறைவு. ஜனவரிச் சண்டையை நடத்திய முதல் கவுன்சில் உனக்கு ஜூலை வரை மருத்துவத் தடை போட்டிருக்கிறதே என்று கேட்டேன். "அது அவங்க தடை அத்தை, இவங்களுக்கு அது செல்லாதாம்" என்றாள். பாவம், அவளுக்கே சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

உனக்கு நினைவிருக்கும். நீ இந்தத் தொழில்முறைப் போட்டிக்குப் போன நாளில் இருந்தே நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தேசியப் பட்டம் என்கிறார்களே, இவர்கள் யார் அதைக் கொடுக்க? அப்பா அரசாங்கம் கொடுப்பது என்றே நம்பிக்கொண்டிருந்தார். நான் அந்த விதிப் புத்தகத்தை பிரிண்ட் எடுத்து முழுக்கப் படித்தேன். லைசென்ஸ் கொடுப்பது, ரேங்க் போடுவது, யாரோடு யார் மோதினால் பட்டத்துக்குச் செல்லும் என்று ஒப்புதல் தருவது, மூன்று நடுவர்களையும் ஒரு மேற்பார்வையாளரையும் அனுப்புவது, எல்லாம் செய்வது கவுன்சில் என்ற பேரில் சில பேர் கூடி அமைத்துக்கொண்ட ஒரு சங்கம். அதே மாதிரி இன்னொரு சங்கமும் இருக்கிறது. அதே எடையில் அதற்கும் ஒரு தேசிய சாம்பியன். இரண்டு பெல்ட்டிலும் அதே இந்திய வரைபடம். சிலமலை மாமாவிடம் அப்பா இதை விளக்கியபோது அவர், "ஒரே சில்லாவுக்கு ரெண்டு கலெக்டரா மாப்ளே? அப்ப மனுவ யாருட்டக் குடுக்குறது?" என்று கேட்டார். நான்தான் அன்று அதிகமாகச் சிரித்தேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய்.

அந்தச் சிரிப்புக்கு இப்போது வருத்தப்படுகிறேன். நான் கேட்ட கேள்வி தப்பில்லை. ஆனால் ஐந்து வருடம் நீ ஓடியதையும் அடி வாங்கி வீட்டுக்கு வந்ததையும் பார்த்துக்கொண்டே அந்த ஒரு கேள்வியை மட்டும்தான் கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

அதனால்தான் ஜனவரியில் நீ வந்து ஸ்டோரைத் திறந்துவிடச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் தடவையாக உன் குத்துச்சண்டையில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அதுவும் எனக்குத் தெரிந்த வேலை. ஒரு பொருளில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் போகும் என்பதைத்தான் எம்.எஸ்சி.யில் படித்தேன். பதினெட்டு வருடமாக அந்த ஸ்டோரில் செய்வதும் அதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அன்று காலையில்தான் காயை இறக்கியிருந்தார்கள், அறை சூடாகவே இருந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு மதுரையில் எடை பார்ப்பார்கள். எல்லை ஐம்பத்தேழு கிலோ நூற்றைம்பது கிராம். விதியை நான் உனக்கு வாசித்தே காட்டினேன்: எடை தாண்டினால் சண்டை போடலாம், ஜெயித்தாலும் பட்டம் கிடையாது. நம் மூட்டைத் தராசில் நீ ஐம்பத்தெட்டு அறுநூறு இருந்தாய். ரெயின் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாய். சூடு வெளியே போகாமல் இருக்க நான் கதவின் வெளிக் கொண்டியைப் போட்டேன். ஸ்டோரில் அடுப்பு பார்க்கிற ராக்கையா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யக்கா, ஏலத்தக் காய வச்சா வெல கெடைக்கும். பிள்ளயக் காய வச்சா என்னக்கா கெடைக்கும்?" என்று கேட்டார். உள்ளேயிருந்து நீ, "பெல்ட்டு கெடைக்கும்ணே!" என்று கத்தினாய். மூன்று பேரும் சிரித்தோம். நான் அவரிடம், "ஒன் சோலியப் பாரு, வெறகு ரெண்டு வையி" என்றேன். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று பேர் வாங்கிய நான் அன்று ஒன்றையும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டது ராக்கையா ஒருவர்தான்.

மூன்று தடவை உள்ளே போய் வந்த பிறகு ஐம்பத்தேழு இருநூறு. மூன்றாவது தடவை நீ கதவைத் தட்டினாய். "ஒரு டம்ளர் தண்ணி மட்டும் கொண்டாம்மா" என்றாய். தண்ணீர் என் கையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. நம் தராசு ஐம்பது கிராம் முன்னே பின்னே காட்டும், கொஞ்சம் குறைவாகவே வைத்துக்கொள்வோம் என்று கணக்குப் போட்டேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று சொல்லி மறுபடி கொண்டியைப் போட்டேன். நாலாவது தடவை ஐம்பத்தேழு ஐம்பது. அதன் பிறகும் காலை வரை ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேனே தவிர, குடிக்க விடவில்லை.

மதுரையில் கவுன்சிலின் தராசில் நீ ஐம்பத்தாறு தொள்ளாயிரம். எல்லையைவிட இருநூற்றைம்பது கிராம் கம்மி. நீ இரண்டு கையையும் தூக்கினாய், அப்பா விசிலடித்தார். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூங்கும்போது மூச்சில் போகிற எடையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காய்க்குச் சேர்த்திருப்பேன். இருநூற்றைம்பது கிராம் என்பது ஒரு டம்ளர் தண்ணீர், தமிழினி. நீ தட்டியபோது கொடுத்திருந்தாலும் சரியாக எல்லையில் நின்றிருப்பாய்.

ஒரு டம்ளரில் எல்லாம் மாறியிருக்காது என்று எனக்குத் தெரியும். அப்படிக் காய்ந்த உடம்பு ஒரு நாளில் தேறாது என்று டாக்டர் பிறகு சொன்னார். சனிக்கிழமை முழுக்க நீ குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாய். ஞாயிறு மாலை மேடையேறிப் போய் நின்றாய். ஏழு சுற்று வரை இரண்டு நடுவர்களின் அட்டையில் நீதான் முன்னால் இருந்தாய், அதைப் பிறகு மேற்பார்வையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எட்டாவது சுற்றில் அந்தப் பெண் அடித்தது பெரிய அடி இல்லை. அதற்கு முன்பே உன் கால் மடங்கியதை நான் பார்த்தேன். முதல் தடவையாக உன் சண்டையைப் பார்க்க வந்திருந்தேன். பார்த்தது அதைத்தான்.

ஆஸ்பத்திரியில் கவுன்சிலின் டாக்டர் அம்மா வந்து எடையை எப்படிக் குறைத்தாய் என்று கேட்டார். "ஓடிக் குறைச்சேன்" என்றாய். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்றார். நான் தலையாட்டினேன். நீ என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தாய், நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அவர் கையில் இருந்த தாளில் உன் சிறுநீரகக் கணக்கு இருந்தது. அதில் பொய் இல்லை.

அந்த டாக்டர் ஆறு மாதம் தடை எழுதினார். எந்தச் சங்கம், யார் கொடுத்த அதிகாரம் என்று வருடக் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் நான். ஆனால் அவர்கள் செய்ததிலேயே நான் முழுக்க நம்பியது அந்த ஒரு தாளை. அது இன்னொரு சங்கத்தின் வாசலில் செல்லாது என்கிறபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ ஸ்டோரைக் கேட்டதாக அப்பா சொன்ன இந்த ஞாயிறு சாயங்காலமே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொண்டியையும் டம்ளரையும் சேர்த்துத்தான். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. "நீயாச்சும் வேண்டாம்னு சொல்லுவ, பிள்ளகிட்ட மறுத்துப் பேசாம ஒன் புண்ணியத்துல நான் தப்பிப்பேன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். மறுநாள் காலையில் மேலே போகவில்லை.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு உறை இருக்கிறது. ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறேன், மூடவில்லை. அந்த இரண்டாவது கவுன்சிலின் செயலாளருக்கு நான் எழுதியது. அதிகம் இல்லை: ஜனவரியில் இந்த வீராங்கனையின் எடையைக் குறைக்க ஏலக்காய் உலர்த்தும் அறையில் நான்கு தடவை அடைக்கப்பட்டார், தண்ணீர் மறுக்கப்பட்டது, செய்தது அவருடைய தாயாகிய நான், மருத்துவரிடம் மறைத்ததிலும் எனக்குப் பங்குண்டு, ஜூலை வரை அவருக்குத் தடை இருக்கிறது, சிறுநீரக அறிக்கை இத்துடன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதே விவரத்தை முதல் கவுன்சிலின் டாக்டருக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். அது நான் சொன்ன பொய், திருத்த வேண்டியவள் நான்.

இதையும் நேற்றே அனுப்பியிருக்கலாம். தபால் நிலையம் வரை இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். ஒன்றைப் போட்டேன், இதைப் போட முடியவில்லை. போட்டால் மே மாதச் சண்டை நின்றுவிடும், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உன் உடம்பைப் பற்றிய முடிவை ஒரு தடவை கதவுக்கு வெளியே நின்று நான் எடுத்தேன். இன்னொரு தடவை அப்படிச் செய்ய எனக்குக் கை வரவில்லை. படித்துப் பார்த்து நீயே போடு. போடாமல் கிழித்தாலும் என்னிடம் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இப்படி எழுதுவதும் தப்பாக இருக்கலாம். ஒரு நல்ல தாய் அதைத் தபாலில் போட்டிருப்பாள் என்று இதை எழுதும்போதும் தோன்றுகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: ஸ்டோர் மே மாதம் காலியாகத்தான் இருக்கும். உன்னிடம் அதில் பொய் சொல்லப் போவதில்லை. சாவி அதே ஆணியில்தான் தொங்குகிறது. ஆனால் வெளியே நின்று எடை பார்க்க நான் வரமாட்டேன். ராக்கையாவும் வரமாட்டேன் என்கிறார்.

ஜூலைக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை சரியாக வந்து, உன் எடைக்கு எந்தப் பிரிவு பொருந்துகிறதோ அதில் நீ போட்டியிட்டால், எந்தச் சங்கத்தின் பெல்ட்டாக இருந்தாலும் நான் வந்து முன்வரிசையில் உட்காருவேன். யார் கொடுத்த அதிகாரம் என்று கேட்க மாட்டேன். அப்பாவின் பேனரை நானே கட்டுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கே பெங்களூரில் வெயில் தெரியாது, தாகமும் தெரியாது, அதற்காகக் குடிக்காமல் இருந்துவிடாதே. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடி, தாயி. எனக்காகக் குடி.

அம்மா