கோப்பை மூன்று

என் வெட்டு மேசைமேல் இப்போது உன் ஊதாப் பை கிடக்கிறது. காலையில் கடையைத் திறந்ததும் மெஷின் எண்ணெய் வாசத்தைத் தள்ளிவிட்டுச் சாம்பிராணி வாசம் முன்னால் வந்து நின்றது. நீ போய்ப் பத்து மாதமாகியும் அது போகவில்லை. இளம்பிள்ளை ஊர் நெசவுச் சேலை ஒன்றில் மிஞ்சிய துண்டை எடுத்து அந்தப் பையைத் தைத்தவள் நான். நாடா கோத்தவளும் நான். ஆனால் நீ போனபோது அது உள்ளே இருந்த சீட்டுக்கட்டோடு என்னிடம் வராமல் வேறொருத்தி வீட்டு பீரோவுக்குப் போனது. அது எப்படித் திரும்பி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். நீ இருந்தவரை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சூரமங்கலத்தில் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, கீழே என் தையற்கடை, மாடியில் உன் பியூட்டி பார்லர். நான் மோகனூர், நீ திருச்செங்கோட்டுப் பக்கம். இரண்டு பேருமே ரயில்வேக்காரர்களுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர்கள். நான் யாரிடமோ போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, படியில் பாதியில் நின்று, "ஏனுங்க, நீங்க நம்ம பக்கமுங்களா?" என்று கேட்டாய். அதுதான் ஆரம்பம். ஒரே வாரத்தில் அந்த 'ங்க' எல்லாம் உதிர்ந்துபோய் நாம் ஒருவருக்கொருவர் 'அம்மிணி' ஆகிவிட்டோம். பதினோரு வருடம் மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். ஞாயிற்றுக்கிழமை உன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிடுவேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தலை அலங்காரம் செய்கிறவளுக்குத் தன் தலையைச் சீவ இன்னொரு கை வேண்டியிருந்தது. அது என் கையாக இருந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று நீ அறிய மாட்டாய்.

பெங்களூரில் வேலை பார்க்கும் உன் மகள் விளையாட்டாக அந்தக் குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டை வாங்கி வந்து கொடுத்தாள். நீ அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்லரில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எழுதி வைத்தாய். கோல், கோப்பை, கத்தி, காசு என்று நாலு வகைக்கும் நீயே பெயர் வைத்துக்கொண்டாய். முதலில் நீ சொல்லிக் காட்டியது எனக்குத்தான். "அம்மிணி, படத்தப் பாத்து மெரண்டரக் கூடாது. மொதல்ல நம்பரப் பாரு. நம்பரு ஒண்ணுதான், ஊடுதான் நாலு" என்றாய். கோல் என்பது ஒருவருடைய முனைப்பு, கோப்பை அவர் மனசு, கத்தி அவர் புத்தியும் நாக்கும், காசு அவர் கையால் செய்யும் பிழைப்பு. ஒரே எண் இந்த நாலு வீட்டுக்கும் விருந்தாளியாகப் போகும், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும் என்பாய்.

மூன்றை விளக்கியது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. "ஒண்ணு தனியா நிக்கறது. ரெண்டு எதுத்தாப்ல ஒக்காந்து பேசறது. மூணு வந்தாத்தான் எதுவும் ஒரு நெலைக்கு வரும். ரெண்டு கல்லுல சட்டி நிக்குமா? அடுப்புக்கு மூணு கல்லு வேணுமில்ல?" கோல் மூன்றில் ஒருவன் மேட்டில் நின்று போன கப்பல்களைப் பார்த்துக் காத்திருக்கிறான். காசு மூன்றில் மூன்று பேர் கூடி ஒரு கட்டட வேலையைப் பேசுகிறார்கள். கத்தி மூன்றில் மழைக்கு நடுவே ஒரு நெஞ்சை மூன்று கத்திகள் துளைத்திருக்கின்றன. கோப்பை மூன்றில் மூன்று பெண்கள் கோப்பைகளை உயர்த்திப் பிடித்துச் சுற்றி நின்று சந்தோஷமாக இருக்கிறார்கள். "பாரு, அதே மூணுதான். நெஞ்சுல ஏறுனா கத்தி, கையில ஏறுனா கோப்பை" என்றாய். அன்றைக்கு நாம் இரண்டே பேர். மூன்றைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

பிறகு நூர்ஜஹான் வந்தாள். அடுத்த தெரு ஃபேன்சி ஸ்டோர்க்காரர் வீட்டு மருமகள். நெயில் பாலிஷும் ஹேர்பின்னும் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் வந்தவள், பிறகு சாக்கே இல்லாமல் வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் என் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். உன் சீட்டுகளைப் பார்த்ததும், "எங்க வீட்ல குறி கேக்கறதெல்லாம் ஆகாதுக்கா. எனக்குப் பாக்காதீங்க. ஆனா படம் ரொம்ப நல்லா இருக்கு, படத்த மட்டும் காட்டுங்க" என்றாள். நீ உருகிப்போனாய். "எல்லாரும் எங்கிட்ட ஏதாவது கேக்கத்தான் வாராங்க. இவ ஒருத்திதான் ஒண்ணுமே கேக்கல" என்று என்னிடமே சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. நானும் எதுவும் கேட்டதில்லையே! பதினோரு வருடம் கேட்காமல் இருந்தது உன் கண்ணில் படவில்லை. அவள் பதினோரு நாள் கேட்காமல் இருந்தது பட்டுவிட்டது.

நல்ல பெண்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் உன்னிடம் போட்டுக் கொடுத்திருப்பேன். ரம்ஜானுக்கு எனக்கும் சேர்த்துத்தான் கஞ்சி கொண்டுவருவாள். குடித்துவிட்டு, உப்புக் கொஞ்சம் கம்மி என்பேன். மூன்று பேராகக் கடைவீதிக்குப் போகலாம் என்று நீ கூப்பிட்டால், "மூணு பேராப் போனா காரியம் ஆகாது, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீங்களும் போய்விட்டு வருவீர்கள். அதுவும் குற்றம்தான் என் கணக்கில்.

ஒரு மதியம் அந்தக் கோப்பை மூன்றை எடுத்து எங்கள் முன்னால் நீட்டினாய். "இது ஆரு தெரியுதா? நாமதான்." விரலை வைத்து வைத்துக் காட்டினாய். "இது நானு. இது நூரு. முதுகக் காட்டிட்டு நிக்கறா பாரு, அது நீயி." நூரு சிரித்தாள். நானும் சிரித்தேன். உன் முகம் இருந்தது, அவள் முகம் இருந்தது. எனக்கு முதுகும் கொண்டையும். நீ கை கழுவப் போனாய். நூருவுக்குப் போன் வந்து வெளியே போனாள். அந்தச் சீட்டை எடுத்துத் தைக்க வைத்திருந்த ரவிக்கைத் துணிக்குள் சொருகிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அளவு நோட்டில், உன் ரவிக்கை அளவு எழுதியிருக்கும் பக்கத்தில் வைத்து மெஷின் இழுப்பறையில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் திருடிய ஒரே பொருள் அது.

வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போட்டு எழுபத்தெட்டுச் சீட்டையும் எண்ணிப் பையில் வைப்பது உன் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எழுபத்தாறு, எழுபத்தேழு என்றாய். நிறுத்தினாய். மறுபடி முதலிலிருந்து எண்ணினாய். எழுபத்தேழு. கேட்பாய், மறுப்பேன், சண்டை வரும், நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. நாடாவை இழுத்து முடிச்சுப் போடும் சத்தம்தான் கேட்டது. அடுத்த வாரமும் எழுபத்தேழு என்றே எண்ணி முடித்தாய், ஏதோ கட்டே அவ்வளவுதான் என்பதுபோல.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் தலையெழுத்து. ஒரே எண் இரண்டு மூன்று முறை விழுந்தால், வராத வீடு எது என்று பார்ப்பதுதானே உன் முறை? எவருக்கு மூன்றுகள் விழுந்தாலும் இப்போது வராமல் நிற்பது கோப்பையாகவே இருந்தது. "எல்லாம் இருக்குதுங்க. மெனக்கெடறீங்க, பொழப்பும் ஓடுது. கூடி ஒக்காரத்தான் ஆரும் இல்லீங்க. ஆருகூடப் பேசாம இருக்கறீங்களோ, அவங்களுக்கு ஒரு போனப் போடுங்க" என்று ஒருவர் விடாமல் சொல்ல ஆரம்பித்தாய். ரயில்வே குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர் பல வருடமாகப் பேசாத தங்கையைக் கூப்பிட்டு, அழுது, அவளையும் கூட்டிக்கொண்டு வந்து உன்னிடம் காட்டினார். அதன்பிறகு உன் பேர் எங்கேயோ போய்விட்டது. புருவம் திருத்த வருகிறவர்களைவிடச் சீட்டுப் பார்க்க வருகிறவர்கள் அதிகமானார்கள். என் கடை வாசலில் நின்றே, "மாடி அக்கா சொன்னாப் பலிக்குதாமே?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் செய்த திருட்டில் உனக்குக் கிரீடம். பல்லைக் கடித்துக்கொண்டு கொக்கி தைத்தேன்.

மின்சாரம் இல்லாத ஒரு மழை மதியம், "வா அம்மிணி, உனக்குப் பாத்து எத்தன நாளாச்சு" என்று என்னை உட்கார வைத்தாய். கோல் மூன்று விழுந்தது. காசு மூன்று விழுந்தது. கடைசியாகக் கத்தி மூன்று. நீ சீட்டுகளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாய். "நாலாவது எங்க போச்சு?"

"என்னயக் கேட்டா? உன்ற சீட்டு, உனக்குத்தான் தெரியும்" என்றேன்.

"செரி உடு. இருக்கற எடத்துல பத்தரமா இருந்தாச் செரி" என்று கட்டைக் கலைத்தாய்.

மூலையில் உட்கார்ந்து நூரு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் மாட்டிக்கொண்டேனோ என்ற ஆத்திரத்தில் நாக்கு நீண்டுவிட்டது. "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி" என்றேன். நூருவின் கை நின்றுவிட்டது. நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். "ஆமாமா, பல்லிக்கு அதுமட்டுந் தெரியாது" என்றாய். அடுத்த மாதமே உனக்குக் கண் மஞ்சளானது. காமாலை என்றார்கள், பிறகு ஈரல் என்றார்கள். அந்தப் பழமொழியை நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை வந்தபோது வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். நூரு உன் பின்னால் உட்கார்ந்து, உன் தலையைச் சிக்கெடுத்துச் சீவிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் சீப்பை எடுத்துக்கொண்டாள் என்றுதான் தோன்றியது. உள்ளே வராமலே திரும்பிவிட்டேன். போனில், "பொங்கல் ஆர்டர் தலைக்கு மேல கெடக்குது அம்மிணி" என்றேன். "தெச்சு முடிச்சுட்டே வா சாமி, நான் எங்க போயிரப் போறேன்" என்றாய். இன்னொரு தடவை வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தேன், நூருவும் இருந்தாள். அதற்கடுத்து நான் வந்தபோது உன்னை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் உன் மகள் சொன்னாள், சீட்டுக்கட்டைக் கடைசி வாரத்தில் உன் கையாலேயே நூருவிடம் கொடுத்துவிட்டாயாம். நம்பாதவளுக்கு, வீட்டில் வைத்துக்கொள்ளக்கூட வழியில்லாதவளுக்கு! அன்று முழுவதும் ஒரு ரவிக்கைக்கும் கை ஒழுங்காக வைக்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை நூரு வந்தாள். நான் தலை நிமிரவில்லை. அவள் ஊதாப் பையை மேசையில் வைத்தாள். "அக்கா, இத நீங்க வச்சிக்கங்க. அவங்களே சொன்னாங்க, 'கொஞ்ச நாள் நீ வச்சிரு, அப்புறம் அவகிட்டக் குடு, இப்பக் குடுத்தா கோவத்துல வாங்க மாட்டா'ன்னு. பீரோவுல துணிக்கு அடியிலயே வச்சிருந்தேன்."

மெஷினை நிறுத்தினேன். அவள் தயங்கித் தயங்கி, "எழுபத்தேழுதான் இருக்கும். ஒண்ணு தையக்கடையில இருக்குது, நீ கேக்காதேன்னாங்க" என்றாள்.

அந்த நிமிடம் எனக்கு வந்தது வெட்கம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். என் திருட்டைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறாயே என்ற பொறாமைதான் முதலில் வந்தது. வெட்கம் பின்னால்தான் வந்தது, மெதுவாக, ஆனால் முழுசாக. இழுப்பறையைத் திறந்து, அளவு நோட்டிலிருந்து சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "நான்தான் எடுத்தேன்" என்றேன். பையிலிருந்து மற்ற மூன்றையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். கோல், காசு, கத்தி, கோப்பை. நாலு மூன்றும் ஒன்றாகக் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நூரு கோப்பையைத்தான் பார்த்தாள். முதுகைக் காட்டி நிற்பவள்மேல் விரலை வைத்தாள். "ஆஸ்பத்திரியில இதப் பத்தி ஒண்ணு சொன்னாங்கக்கா. 'அவ முதுகுன்னு சொன்னதும் கோவிச்சுக்கிட்டா. மத்த ரெண்டு பேரும் ஆரப் பாத்துட்டு நிக்கறோம்னு அவ பாக்கவே இல்ல'ன்னாங்க."

குனிந்து பார்த்தேன். மற்ற இரண்டு பெண்களின் கண்களும் அந்தக் கொண்டைக்காரியின் முகத்தில்தான் இருந்தன. அத்தனை மாதம் என் இழுப்பறையில் வைத்திருந்து, நான் அதைப் பார்த்ததில்லை. நூரு எழுந்து டீ சொல்லப் போனாள். அவள் வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போட்டு எண்ணினேன், எழுபத்தெட்டு. மதியம் நூரு சாப்பாட்டோடு வருவாள், அந்த ஸ்டூலை அவளுக்கே விட்டுவிட்டேன். சீட்டு பையில் சேர்ந்துவிட்டது. பொறாமை சேரவில்லை, அது என்னோடுதான் இருக்கிறது. ஒரே ஒரு கேள்விதான் அதில் பாக்கி. நீங்கள் இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்பதை, அம்மிணி, ஏன் அவளிடம் போய்ச் சொன்னாய்?