கறுவல் காத்திருந்த சொல்

3 ஆகஸ்ட் 1986, ஞாயிறு

எழும்பியதும் முதல் வேலையாகப் பழைய பிஸ்கட் பேணியைக் கழுவித் துடைத்து முற்றத்தில் வைத்தேன். முகம் கழுவியது அதற்குப் பிறகுதான். பேணியின் மூடியில் ஒரு கயிறு. இழுத்தால் திறக்கும். உள்ளே கருவாட்டுத் தலை. பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு விலங்கியல் டீச்சர் செய்கிற வேலை இது.

தம்பி யோகராசா பல் தீட்டிக்கொண்டே பார்த்தான். "அக்கா, ஆராவது பாத்தா சூனியம் செய்யிற எண்டு நினைக்கப் போறாங்க."

பக்கத்து வளவுச் சின்னத்தங்கத்தின் ஆட்டுக்கு நேற்று அதே பேணியில் வாழைப்பழத்தோல் வைத்தேன். இரண்டாம் முறையே கயிற்றைக் கடித்து இழுத்துவிட்டது. காகம் மூன்று நாட்களாகக் கிட்ட வரவில்லை. இன்று வந்து, என்னைப் பார்த்து, பேணியைப் பார்த்து, கயிற்றைக் கொத்தி இழுத்தது. எங்கள் நாய் கறுவலோ இரண்டு தரம் பிறாண்டியது. பிறகு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. நான் கண்ணை எடுக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தது.

மாலையில் வினாயகமூர்த்தி சேர் வந்தபோது சொன்னேன். கணிதம் படிப்பிக்கிறவர்; எதையும் சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார். "அது சோம்பல், டீச்சர். கணக்குத் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளைர கொப்பியப் பாக்கிற மாதிரி."

"ஆர்ர கொப்பியப் பாக்கிற எண்டு தெரியிறதும் ஒரு புத்திதானே சேர்?"

சிரித்தார். மனைவி செத்துப் போய் ஆறு வருடம். மகள் அன்னப்பூரணி விடுமுறைக்கும் வராமல் டவுனில் ஹொஸ்டலில் தங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். தனி வீட்டில் இருந்து என்ன செய்வது என்று பின்னேரங்களில் இங்கே வருகிறார். "கணக்குச் சேர் நாயப் பாக்கவா வாறார் கா?" என்று சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் கேட்கிறாள். நான் பதில் சொல்வதில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

சேரின் சோதனை வேறு. ஆசையை அடக்கிக் காத்திருக்கத் தெரிந்தால்தான் அது புத்தி என்பது அவர் கட்சி. றஸ்க்கைக் கையில் வைத்துக்கொள்வார். கறுவல் அவருடைய இடது காலில் தாடையை வைத்துப் படுத்துக் காத்திருக்க வேண்டும். அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் றஸ்க். எவ்வளவு நேரம் என்றாலும் காத்திருக்கிறது. வாயில் எச்சில் வடிகிறது, அசைவதில்லை.

ஆனால் அவருக்கு மட்டும்தான். என் கையிலோ தம்பி கையிலோ றஸ்க் இருந்தால் பாய்ந்து பறிக்கிறது.

இன்று தம்பி ஒரு விளையாட்டுக் காட்டினான். சேரின் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவர் சேர்ட்டையும் வாங்கி மேலே மாட்டிக்கொண்டு, அவர் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்றான். கறுவல் செருப்பை மணந்தது, முழங்காலை மணந்தது, றஸ்க்கைப் பறித்துக்கொண்டு ஓடியது. சேருக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் என்ன வேசம் போட்டாலும் இவன் பிடிச்சிருவான், யோகு."

நாளை விடைத்தாள் திருத்த டவுனுக்குப் போகிறாராம். சில நாள் ஆகும். மிச்ச றஸ்க் பக்கெட்டை என்னிடம் தந்தார். "பாடத்த மறக்க விடாதீங்க."

நாளைக்குத் தேநீருக்குத் தண்ணீர் குறைவாக வைத்தால் போதும். இதை ஏன் எழுதுகிறேன்?

12 ஆகஸ்ட், செவ்வாய்

தம்பியக் கொண்டு போயிற்றாங்க.

13 ஆகஸ்ட், புதன்

எழுதி வைக்க வேண்டும். பிறகு எனக்கே நம்பிக்கை வராமல் போய்விடும்.

நேற்றுக் காலை ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட வளவுக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பெண்களை மதிலோரமாக நிற்கவிட்டார்கள். வேப்பமரத்தின் கீழ் எங்கள் வகுப்பறைக் கதிரை ஒன்று. அதில் ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி. இடுப்பு வரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆள் தெரியக்கூடாது என்று ஆமிச் சப்பாத்தும் போட்டுவிட்டிருந்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ட்ரக்கில் ஏற்றுவார்கள்.

அது எல்லோருக்கும் இல்லை என்றே ஆட்டிக்கொண்டிருந்தது. மூச்சு விட்டேன். சேர் டவுனில் இருப்பது நல்லதாய்ப் போயிற்று என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தேன்.

கறுவல் தம்பியின் காலோடு காலாக வந்திருந்தது. தம்பியின் முறை வந்ததும் அவனை விட்டுவிட்டு நேரே கதிரைக்குப் போனது. சப்பாத்தை மணந்தது. பிறகு இடது சப்பாத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

இதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கு?

அந்தக் கால் அசையவில்லை. ஆமிக்காரன் ஒருவன் சிரித்தான். கறுவல் அசையாமல் கிடந்தது. அது ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடக்கிறது என்று அந்த வளவில் மூன்று பேருக்குத்தான் தெரியும். தம்பி நாயைப் பார்த்தான். மெல்லத் தலையை நிமிர்த்திச் சாக்கின் ஓட்டைகளைப் பார்த்தான்.

சாக்கு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மேலும் கீழும் ஆடியது.

ஒருவன் கறுவலின் விலாவில் உதைத்தான். கத்திக்கொண்டு ஓடி, தூரத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. பேணி திறக்காதபோது பார்க்கிற அதே பார்வை.

14 ஆகஸ்ட், வியாழன்

தம்பிக்குப் பிறகு போனவர்களுக்கும் அது இல்லை என்றுதான் ஆட்டியது. தம்பி ஒருவன் மட்டும்தான்.

அப்படியானால், கறுவல் போகாமல் இருந்திருந்தால்? நாங்கள் றஸ்க் கொடுத்துப் பழக்காமல் இருந்திருந்தால்?

ஒரு நாயின் தாடையை வைத்து ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்கலாமா? வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால், ஒரே ஒரு தரம் கண்டதை வைத்து முடிவு சொல்லாதே என்று சிவப்பு மையால் எழுதுவேன். எழுதியிருக்கிறேன்.

சின்னத்தங்கம் கஞ்சி கொண்டுவந்தாள். ஆமியின் சப்பாத்தில் போய்ப் படுத்ததைப் பார்த்து, டீச்சர்ர நாயும் கட்சி மாறிற்று என்று சந்தியில் பகிடி பண்ணிச் சிரிக்கிறார்களாம். "வாயில புழுப் பூக்கும் எண்டு ஏசிப்போட்டு வந்தன் கா. குடிங்க." குடித்தேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

அவர் வந்தார். வேலிப் படலைக்கு வெளியே நின்றபடி, "கறுவலக் கட்டியிரிக்கா டீச்சர்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்காத கேள்வி.

"இல்ல. அவிட்டுத்தான் இரிக்கி."

அதற்குள் அது ஓடிப் போய்விட்டது. வாலை ஆட்டி, சுற்றி வந்து, இடது காலில் தாடையை வைத்துப் படுத்தது. அவர் அதைப் பார்க்காமல் பேசினார். யோகுவின் விஷயம் கேள்விப்பட்டாராம். டவுனில் இருந்தாராம். முகாமில் யாரைப் பிடித்துக் கதைக்கலாம் என்று விசாரிக்கிறாராம்.

"அது காத்துக்கொண்டு இரிக்கி சேர்," என்றேன். "சொல்லுங்க."

அவர் தெருவைப் பார்த்தார்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் காத்துக்கொண்டு கிடந்தது."

அப்போதுதான் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "சரி" என்றார். கறுவல் எழும்பி அவர் கையை மணந்தது. கையில் ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தது.

"அன்னம் எந்த ஹொஸ்டல், எந்தக் கட்டில் எண்டுகூட அவங்களுக்குத் தெரியும் டீச்சர். டவுனுக்குப் போற வழியில என்னப் பஸ்ஸில இருந்து இறக்கிப்போட்டாங்க. நான் எல்லாருக்கும் இல்லை எண்டுதானே ஆட்டினன். நீங்க பாத்தீங்கதானே? யோகு என்னை அடையாளம் கண்டுட்டான். மறுகா அவன் வெளிய ஆரிட்டயும் சொன்னா—"

"சொல்லியிருக்க மாட்டான்."

"ஓம்," என்றார். "அது எனக்கு அப்ப தெரியல்ல."

தெரியல்லயாம். என்ர வீட்டில ஆறு வருசம் தேத்தண்ணி குடிச்ச மனிசன். தம்பி ஆரெண்டு நாய்க்குத் தெரிஞ்சதில் ஒரு பங்கு தெரியல்ல. நான் ஆரெண்டும் தெரியல்ல.

"இனி இஞ்ச வராதீங்க" என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன். உள்ளே வந்தால் கேத்திலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கை தன் பாட்டில் வைத்திருக்கிறது. முழுவதையும் வாழைக்கு ஊற்றினேன். கொதிநீர் வாழைக்கு ஆகாது என்று பிறகுதான் நினைவு வந்தது.

20 ஆகஸ்ட், புதன்

முகாம் வாசலில் பகல் முழுவதும் நின்றேன். தம்பியைத் தெற்கே ஒரு முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம். உயிரோடு இருக்கிறான் என்று ஒருவன் சிங்களத்தில் சொன்னான். கையால் சாப்பிடுவது போல் காட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

காலையில் மீன் தோணிகளோடு வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரையிலிருந்து இயக்கத்து ஆள் ஒருவர் வந்தார். ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர். இப்போது மீசை, சாரம், இடுப்பில் ஏதோ கனமாக. கதிரையில் இருக்கச் சொன்னேன், நின்றுகொண்டே கதைத்தார். மரியாதைக்குக் குறைவில்லை.

"டீச்சர், உங்கட நாய் தலையாட்டிர கால்ல போய்ப் படுத்ததாமே. ஊர்ல பகிடி பண்ணுறாங்க. எனக்குப் பகிடியாத் தெரியல்ல. நாய்ர மூக்குச் சப்பாத்துக்குள்ளாலயும் ஆளப் பிடிக்கும் எண்டு நீங்கதானே படிப்பிச்ச."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் ஒரு கூட்டமாம். சந்தேகப்பட்ட ஆட்களை வரிசையில் நிறுத்தப் போகிறார்கள். கறுவலைக் கொண்டுபோய் அவிழ்த்துவிட வேண்டும். "அது ஆர்ர கால்ல படுக்குதோ, அவர்தான்."

"பிறகு?"

குனிந்து கறுவலின் காதைச் சொறிந்தார். "பிறகு எங்கட வேலை டீச்சர்."

யார் யார் என்று கேட்டேன். சுற்றிவளைப்புக்கு முன்பே பிடிபட்டு, அதற்குப் பிறகு முகாமில் இருந்து அடிபடாமல் திரும்பி வந்த தோணிக்கார இளையதம்பி. இன்னும் சில பேர். அந்தக் கிழமை ஊரில் இல்லாத கணக்குச் சேரும்.

"நாய் ஒருத்தரிட்டயும் போகாட்டி?"

"அப்ப இளையதம்பிதான். எல்லாருக்கும் அவனிலதான் சந்தேகம்."

இளையதம்பியை ஆமி ஏன் விட்டது என்று எனக்குத் தெரியும். முகாமில் வலிப்பு வந்து விழுந்தான். செத்தால் தொல்லை என்று வெளியே தள்ளினார்கள். சொன்னேன். "வலிப்பு நடிக்கலாம் டீச்சர்," என்றார்.

"நாயும் பிழை விடும்."

"ஆக்களவிடக் குறைவு."

போகும்போது கறுவலைப் பார்த்துச் சிரித்தார். "கெட்டிக்காரன். இவனுக்குச் சாக்கும் தேவையில்ல."

26 ஆகஸ்ட், செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. முற்றம் முழுவதும் புழுதி.

நான் ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டால் போதும். கறுவல் சந்தோஷமாக ஓடும், தாடையை வைக்கும், அவர் "சரி" சொல்வார் என்று காத்திருக்கும். சுடுவதற்கு அவரைக் கம்பத்தில் கட்டுகிறபோதும் காத்திருக்கும்.

எனக்கு ஆசையாக இருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன். இன்று விடியும்போது அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தேன், மனம் குளிர்ந்தது. தம்பிக்கு அங்கே என்ன நடக்கிறதோ. அதன் பிறகு அன்னத்தின் முகம் வந்தது. அதை மனதில் இருந்து தள்ளினேன். திரும்பவும் வந்தது.

கறுவலைச் சின்னத்தங்கத்தின் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? அப்படிச் செய்தால் இளையதம்பி. அவிழ்த்துவிட்டால் இவர். இரண்டிலும் என் நாய்தான் தலையாட்டி.

முற்றத்தில் பிஸ்கட் பேணி அப்படியே கிடக்கிறது. காகம் வந்து கயிற்றை இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்டு, என்னைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனது. அது இனி இங்கே மினக்கெடாது. கறுவலோ உதைபட்ட விலாவோடு ஒவ்வொரு பின்னேரமும் படலையடியில் போய் இருக்கிறது. காகத்துக்குப் புத்தி கூட என்று எழுதுவதா? எனக்குத் தெரியவில்லை. நானும் அந்த நேரத்துக்குத்தான் படலையைப் பார்க்கிறேன்.

27 ஆகஸ்ட், புதன்

அவர் தந்த பக்கெட்டில் கொஞ்சம் றஸ்க் மிச்சம் இருந்தது. காலையில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இடது காலை முன்னே வைத்து நின்றேன். பாய்ந்தது. கையை மேலே தூக்கினேன். திரும்பவும் பாய்ந்தது. பிறகு நின்று, என் முகத்தைப் பார்த்து, காலைப் பார்த்து, கொஞ்சம் யோசித்தது. யோசித்தது என்றுதான் எழுதுவேன். தாடையை என் காலில் வைத்தது.

"சரி" என்றேன். என் வாயில் அந்தச் சொல் கசந்தது. அது றஸ்க்கைக் கடித்துக்கொண்டு வாலை ஆட்டியது.

பின்னேரம் சின்னத்தங்கத்தைக் கூப்பிட்டு நிற்கவைத்தேன். "என்னையும் பைத்தியமாக்கப் போறீங்களா கா?" என்று சிரித்துக்கொண்டே நின்றாள். அவளுக்கும் வைத்தது. அவள் மச்சானுக்கும் வைத்தது. தெருவால் போன மீன்காரருக்குத் தானாகவே போய் வைத்தது.

நாளை சந்திக் கடைக்குக் கொண்டுபோவேன். நேரம் போகவில்லை, நாய்க்கு வித்தை பழக்குகிறேன் என்று சொன்னால் நம்புவார்கள். தம்பி போனதில் டீச்சருக்கு மூளை கலங்கிற்று என்றும் சொல்வார்கள். சொல்லட்டும். இளையதம்பியின் காலிலும் வைக்கப் பழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானே கறுவலைத் தோணியில் ஏற்றி அந்தக் கரைக்குக் கொண்டுபோவேன். வரிசையின் தொடக்கத்தில் நிற்பவரின் காலில் இருந்து கடைசி ஆள் வரை அது தாடையை வைத்துக்கொண்டே போக வேண்டும். வரிசையில் நிறுத்தினவரின் காலிலும். பிறகு அது யாரைக் காட்டிற்று என்று சொல்வார்கள்?

ஏன் அப்படி ஆனது என்று அந்த இடத்தில் ஒருவருக்கு மட்டும் விளங்கும். நான் அவரை மன்னிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் மாட்டேன். இதை அவருக்கும் சொல்லப் போவதில்லை, சின்னத்தங்கத்துக்கும் சொல்லப் போவதில்லை. தம்பி திரும்பி வந்தால் அவனுக்கு மட்டும் சொல்வேனா என்று இன்னும் தெரியவில்லை.

றஸ்க் முடிந்துவிட்டது. காலையில் பாண்காரர் ஹலீம் வரும்போது பெரிய பக்கெட்டாக வாங்க வேண்டும்.